நாற்பத்தொன்றாம் பெட்டி

சேசு மரி சூசை

குருசடிக்கொட்டாய்,
ஏரியூர் வழி.
17-9-1987, வியாழன்.
பகல் ஒன்றரை மணி.

தருமபுரியில் ஈய எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் மாமா சின்னப்பராஜ் அவர்களுக்கு, அக்கா மகள் சகாயமேரி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் அப்பா, அம்மா, இரண்டு எருமை, பிடுங்கிப் போட்ட நிலக்கடலை எல்லாம் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அவ்விடம் அத்தையின் சுகத்துக்கும், தெரசாவின் படிப்புக்கும், நாளெல்லாம் நின்றே அச்சுக் கோர்க்கும் உங்கள் முழங்காலுக்கும் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி சொல்கிறேன். சுகம் விசாரித்தது போதும் மாமா. நாலு பத்துக்கு பஸ் வந்துவிடும். பதினான்காம் பக்கத்தை நிறுத்துங்கள்.

எந்தப் பக்கம், எதற்கு என்று கேட்பீர்கள். எம்.எல்.ஏ. தர்மன் அய்யா முதல்முறை ஜெயித்ததன் வெள்ளிவிழா மலரைத்தான் சொல்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை காலை மெஷினில் ஏறும் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏரியூரில் மேடை போட்டு மலரை வெளியிடுகிறார்கள். அதே மேடையில், இருபது வருடமாக அவருக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்த விசுவாசத்துக்காக அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். மலரின் பதினான்காம் பக்கத்தில் "1967 தேர்தல்: பெட்டிவாரியாக வாக்கு விவரம்" என்று ஓர் அட்டவணை இருக்கிறது. தொகுத்தது நான்தான். அதில் நாற்பத்தொன்றாம் வரியில் ஒரு சைபர் இருக்கிறது மாமா. அந்தச் சைபர் ஊர் பார்க்க வெளியே வந்தால், பொன்னாடை போட்ட தோளோடு அப்பா எந்தப் பக்கம் திரும்புவார் என்று எனக்குத் தெரியவில்லை. வாயால் சொல்ல வராததெல்லாம் எனக்குக் கையால்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ஆனால் வேகமாகப் படியுங்கள்.

ஜூலை மாதம் அய்யாவின் உதவியாளர் குப்புராஜ் ஜீப்பில் வந்து எங்கள் வீட்டு முன்னால் இறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் கதவைப் பார்த்தே பேசினார். "ஏம்மா, இந்தப் பக்கத்துல பி.ஏ. படிச்ச பொண்ணு நீ ஒருத்திதானாமே. தலைவரோட தேர்தல் சரித்திரத்த எழுதிக் குடும்மா. பத்திரிகைக்காரன் கையில குடுத்தா தோத்ததையும் சேர்த்து எழுதிப்புடுவான்" என்றார். அப்பாவுக்கு நெஞ்சு ஒரு முழம் விரிந்தது. நான் சரி என்று சொன்னேனா என்று எனக்கே நினைவில்லை. அடுத்த வாரம் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய நோட்டுகள் வந்து இறங்கிவிட்டன.

அய்யா இதுவரை ஏழு முறை நின்றிருக்கிறார் மாமா. நாலு முறை ஜெயித்திருக்கிறார், மூன்று முறை தோற்றிருக்கிறார். எப்போதும் சுயேச்சை என்பதால் ஒரு தேர்தலில் கிடைத்த சின்னம் அடுத்த தேர்தலில் கிடைக்காது. குடை, ஏணி, சேவல், தராசு, ஒட்டகம் என்று வரிசையாக எழுதிப் பார்த்தபோது வாரச்சந்தைக்குச் சாமான் எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது. நான் சரித்திரம் படித்தவள், உள்ளதை உள்ளபடி எழுதினேன். குப்புராஜ் வாங்கிப் பார்த்தார்.

"தோல்வின்னு எழுதாதம்மா. நல்லா இல்ல."

"வேற எப்பிடிங்க எழுதறது?"

"ஓய்வுன்னு போடு. மக்கள் அவருக்கு ஓய்வு குடுத்தாங்க."

"அம்பத்தேழுல டெபாசிட்டே போயிருக்குதுங்களே?"

"அது நீண்ட ஓய்வு."

"அட்டையில 'தோல்வியே அறியாதவர்'னு போட்டிருக்கீங்களே?" என்று கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றால் எனக்கு இவ்வளவு தைரியம் வரும்.

"அவருக்குத் தெரியாதும்மா. நாங்க யாரும் சொல்றதில்ல" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஆனால் 1967-ஐ மட்டும் ஓய்வு என்று போட அவர் சம்மதிக்கவில்லை. அந்த முறை அய்யா தோற்றது வெறும் நூற்று நாற்பத்தெட்டு ஓட்டில். அதற்குப் பக்கத்து ஊர்ப் பாறைக்கொட்டாய்க்காரர்கள்தான் காரணம், அய்யாவின் சோற்றைத் தின்றுவிட்டு எதிராளியின் மீன் சின்னத்துக்குக் குத்திவிட்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். "அந்த ஒரு எலெக்சனை மட்டும் பெட்டிவாரியா போடும்மா. நம்ம கவுண்டிங் ஏஜெண்டு எண்ணற எடத்துலயே எழுதின நோட்டு உள்ள கெடக்குது. துரோகி யாருன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும்" என்றார் குப்புராஜ். அந்த நோட்டை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எழுபத்தொன்றாம் வருட நோட்டைக் கரையான் முழுக்க எண்ணி முடித்திருந்தது. ஆண்டவர் சித்தம், அறுபத்தேழைத் தொடவில்லை.

நான் செய்த தப்பு இங்கேதான் இருக்கிறது மாமா. நோட்டில் பெட்டி எண் மட்டும்தான் இருந்தது, ஊர்ப் பெயர் இல்லை. நான் எண்களை அப்படியே ஒரு தாளில் எழுதி உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு ஏரியூரில் வாங்கின பழைய பூத் பட்டியலைப் பார்த்து ஊர்ப் பெயர்களை வேறொரு தாளில் எழுதி அனுப்பினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்க்கவே இல்லை. சேர்த்துக் கோர்த்தது நீங்கள்தான். நேற்று நீங்கள் அனுப்பிய புரூப் வந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பெட்டி எண் 41. குருசடிக்கொட்டாய். பதிவானவை 212. மீன் 205. மற்றவர்கள் 4. செல்லாதவை 3. சேவல் 0.

சேவல்தான் மாமா அந்த வருடம் அய்யாவின் சின்னம்.

அடுத்த வரியைப் பார்த்தேன். பெட்டி எண் 42. பாறைக்கொட்டாய். பதிவானவை 196. சேவல் 191.

தகரப் பெட்டியை மறுபடி திறந்து மூல நோட்டைப் பார்த்தேன். கொட்டை கொட்டையாக எழுதி, சைபரைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தது. எழுதியவருக்கும் நம்ப முடியவில்லைபோல. உள்ளே அப்பா, அம்மாவை எதிரில் நிற்க வைத்து ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "இருவது வருசமா எங்க பெட்டியில ஒரு ஓட்டு செதறுனது கெடையாது" என்கிறார். அது நிஜம்தான் மாமா. ஒன்றுகூடச் சிதறவில்லை.

இது எப்படி நடந்திருக்கும் என்று ராத்திரி முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. ஓட்டுக்கு முந்தின ஞாயிறு ஊர் முழுக்கக் குருசடி முன்னால் கூடி, சிலுவையைத் தொட்டுச் சேவலுக்கே குத்துவோம் என்று சத்தியம் செய்தது என்று அப்பா சொல்லாத நாளில்லை. இன்று காலை கடலைச் செடியிலிருந்து காய் ஆய்கிற இடத்தில் அம்மாவும் பக்கத்து வீட்டு ராயம்மாள் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்து ஒரு கூடை காய் ஆய்ந்த பிறகு வாயைத் திறந்தேன்.

"அம்மா, நான் பொறந்த வருசம் எலெக்சன்ல நீ எதுக்குக் குத்தினே?"

அம்மா நிமிரவில்லை. "சேவலுக்குத்தான். குருசடியில சத்தியம் பண்ணமே."

"ஏன்டி, இப்ப எதுக்கு அதைத் தோண்டறே?" என்றார் ராயம்மாள் அத்தை.

"ஒண்ணுமில்லீங்கத்தை. நம்ம பெட்டியில எதுக்கு எத்தினி உழுந்துச்சுன்னு பழைய நோட்டுல இருக்குது."

இரண்டு பேர் கையும் நின்றுவிட்டது. ராயம்மாள் அத்தைதான் முதலில் கேட்டார். "நோட்டுல ஆளு பேரு போட்டிருக்குமா?"

"இல்லீங்க. கணக்கு மட்டுந்தான்."

"அப்பாடா" என்றவர், அடுத்த நிமிடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு மூடி என்ன பயன்? கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. "அன்னிக்கு ஒருசந்தி நாளுடி மேரி. தவக்காலத்துல மாமிசத்த மோந்துகூடப் பாக்கக்கூடாத நாளு. காத்தால பூசைக்குப் போயிட்டு, வெறும் வயித்தோட நேரா வந்து வரிசையில நிக்கறேன். காயிதத்தக் கையில குடுத்தாங்க. பாத்தா சேவலு, கொண்டையும் வாலுமா, உசுரோட நிக்கற மாதிரியே இருக்குது. அதும்மேல எப்பிடிடி முத்திரையக் குத்தறது? குத்தறதும் தொடறதுதானே? பக்கத்துலயே மீனு இருந்துச்சு. மீனு ஆகும்ல ஒருசந்திக்கு? ஊரே சேவலுக்குத்தான் குத்தப்போவுது, நம்ம ஒரு ஓட்டுல என்ன கொறஞ்சிறப் போவுதுன்னு மீனுமேலயே வெச்சுட்டேன்."

அம்மா மெதுவாகத் திரும்பினார். "நீயுமா ராயீ?"

"நீயுமா மதலேனா?"

"உங்க வூட்டுக்காரரு?"

"அவரும் மீனுக்குத்தான். 'அன்னிக்கு ஒருசந்தி, சேவலுமேல கை போவல, வெளியே சொல்லாதே'ன்னு போன வருசந்தான் எங்கிட்டயே சொன்னாரு."

மாமா, இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கடலைச் செடிமேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கூத்து. குருசடியில் செய்த சத்தியத்தை மீறியது பாவமல்லவா? அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயில் வாசலைத் தாண்டி வரிசை நின்றதாம். "நான் ஒருத்திதான் ஊரைக் காட்டிக் குடுத்த பாவின்னு அழுதுகிட்டே நின்னேன். முன்னாடி நின்னவளும் அழுதா. அவளுக்கு வேற என்ன கஷ்டமோன்னு நெனச்சேன்" என்றார் ராயம்மாள் அத்தை. உள்ளே போய்ச் சொன்னதும் சாமியார் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, எல்லோருக்கும் ஒரே அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தாராம். பெட்டியை உடைத்து எண்ணுவதற்கு முன்பே தேர்தல் முடிவு தெரிந்த ஒரே மனிதர் அவர்தான் மாமா, அதுவும் யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில் தெரிந்துகொண்டார். இருநூறு பேரும் தான் ஒருவர்தான் துரோகி என்று இருபது வருடம் தனித்தனியாக மறைத்து வைத்திருக்கிறார்கள்.

சிரிப்புச் சத்தத்தில் அப்பா வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. தலையில் கடலைச் செடிக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"எத்தினி?" என்றார்.

"எதுங்கப்பா?"

"சேவலுக்கு எத்தினி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார். ராயம்மாள் அத்தை கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பில் களி இருக்கிறது என்று போய்விட்டார்.

"சைபர்ங்கப்பா."

"சைபரா? அதெப்பிடி? ஒண்ணாச்சும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஒன்றாவது என்றால் அது யாருடைய ஓட்டாக இருக்க வேண்டும் மாமா? காலையில் முதல் ஆளாகக் குத்திவிட்டு ஏஜெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தவருடையதுதானே? கட்டு தலையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

அம்மாதான் சொன்னார், தரையைப் பார்த்தபடியே. எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போனது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிப்ரவரியில் நான் வயிற்றில் ஆறு மாதம். ஓட்டன்று விடிகாலையில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்து, "இன்னிக்கு ஒருசந்திங்க. ஒரு உசுரு மேல குத்திட்டு வராதீங்க. இதாச்சும் தங்கட்டும்" என்று கேட்டிருக்கிறார். அப்பா போய் மீனுக்குக் குத்திவிட்டு வந்திருக்கிறார்.

"இருநூறு ஓட்டு இருக்குதே, ஒண்ணுதானேன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. "அன்னிக்குப் பூரா பெஞ்சுல உக்காந்து ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்தேன். அல்லாரும் என்னப் பாத்துத் தலையத் தலைய ஆட்டிட்டுப் போனாங்க. தோத்துட்டாருன்னதும் நான்தான் மொத ஆளா ஓடி அவரு காலுல உழுந்தேன். 'எங்க பெட்டி சுத்தமுங்க, பாறைக்கொட்டாய்க்காரன் கவுத்துட்டானுங்க'ன்னு சொன்னதே நான்தான்."

அவர் பொய் சொல்லவில்லை மாமா. தன் ஒரு ஓட்டைத் தவிர ஊர் சுத்தம் என்று நம்பித்தான் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பாறைக்கொட்டாயில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. சந்தையில் அந்த ஊர்க்காரர்களைப் பார்த்தால் "என்னங்க, இன்னிக்கும் மீனுதானா?" என்று கேட்பார். இவர் கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு அப்பா, "அச்சு ஆயிருச்சா?" என்று கேட்டார். நாளைக்குத்தான் என்றேன். "மாமனுக்கு எழுது" என்றார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்காகக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்த வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மத்தியானக் களி அப்படியே இருக்கிறது. அம்மா இரண்டு முறை போய்க் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மணி இரண்டே முக்கால்.

அதனால் மாமா, பதினான்காம் பக்கத்தைப் பிரித்துவிடுங்கள். கோர்த்த எழுத்தைப் பிரிப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும், முதலாளி சத்தம் போடுவார் என்றும் தெரியும். இடம் காலியாக இருந்தால் அய்யா எங்கள் ஊர் அடிபம்பை அடித்துத் திறந்துவைக்கிற போட்டோ இருக்கிறது, அதைப் பெரிதாக்கிப் போட்டுவிடலாம். இன்னொரு சுலபமான வழியும் தோன்றியது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு ஆகிய இரண்டு வரியிலும் ஊர்ப் பெயரை மட்டும் இடம் மாற்றிவிட்டால் போதும், இரண்டு நிமிட வேலை. ஊரே அப்படித்தான் இருபது வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறது, ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதைச் செய்யாதீர்கள். பாறைக்கொட்டாய்க் கோவிந்தம்மாளை உங்களுக்கு நினைவிருக்கும், என்னோடு பன்னிரண்டாவது வரை படித்தாளே. என்னைவிட அவளுக்கு நாற்பது மார்க் அதிகம். கல்லூரியிலும் சேர்ந்தாள். எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்தது, பஸ் வந்தது, நான் வீட்டு வாசலில் ஏறிப் போய் பி.ஏ. முடித்தேன். அவள் ஊருக்கு ரோடு கிடையாது, துரோகி ஊருக்கு யார் போடுவார்கள்? மூன்று மைல் நடந்து ஓடையைத் தாண்டி வந்து எங்கள் ஊரில்தான் பஸ் ஏறுவாள். இரண்டாம் வருட மழையில் ஓடை நிரம்பி நாற்பது நாள் வர முடியவில்லை, நின்றுவிட்டாள். அவர்கள் பெயருக்கு நேராக அந்தச் சைபரைப் போட என்னால் முடியாது மாமா. ஆனால் அவர்களுக்கு நியாயம் வாங்கிக் கொடுக்க என் அப்பாவை மேடையில் நிறுத்தி உரிக்கவும் என்னால் முடியாது. பக்கமே இல்லை என்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை. இதைத்தான் படித்த புத்தி என்று சொல்கிறார்களோ என்னவோ.

கண்டக்டர் பச்சியப்பன் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் முதல் வேலையாகப் பக்கத்தைப் பிரித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அத்தைக்கு என் அன்பையும், தெரசாவுக்கு ஒரு முத்தத்தையும், உங்கள் முதலாளிக்கு என் பயத்தையும் சேர்த்துத் தெரிவிக்கவும். சவேரியார் உங்கள் கையையும் கண்ணையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
ம. சகாயமேரி

பின்குறிப்பு: மணி மூன்று ஐம்பது. மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள் மாமா.

கடிதத்தை மடிக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது. மேடை வேலையைப் பார்க்கப் போகிற வழியில் தர்மன் அய்யாவே இறங்கிவிட்டார். "ஏம்பா மதலைமுத்து, ஞாயித்துக்கெழம சட்டையெல்லாம் ரெடியா?" என்று கேட்டதுதான் தாமதம், அப்பா எழுந்து ஓடி அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சைபர், சத்தியம், ஒருசந்தி, நான் வயிற்றில் இருந்தது, ஒன்றுவிடாமல். அய்யா கேட்டுக்கொண்டே இருந்தவர், ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இத இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சியா? எண்ணற எடத்துல ஏஜெண்டு பக்கத்துலயே நானுந்தானப்பா உக்காந்திருந்தேன். நாப்பத்தொண்ணக் கவுத்தாங்க, சேவலோட ஒரு எறகுகூட உழுவல. சைபரச் சுத்தி வட்டம் போட்டதே நான்தான்."

அப்பா கட்டிய கையை அவிழ்த்துவிட்டார். "தெரிஞ்சுமாங்கய்யா எங்களுக்கு ரோடு போட்டுக் குடுத்தீங்க? பம்பு, லைட்டு, பஸ்ஸு..."

"பின்ன? கை நழுவிப் போன ஊருக்குச் செஞ்சாத்தான அடுத்த தபா வழிக்கு வரும். ஒழுங்கா குத்தற ஊரு எங்க போயிறப் போவுது?"

நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன் மாமா. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. "பாறைக்கொட்டாய்க்காரங்க நூத்தித் தொண்ணூத்தொண்ணு போட்டிருக்காங்களேங்க. அவங்களப் போயி துரோகின்னு..." என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பாடம் சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கெட்டிக்காரி. அது உங்கப்பன் வெச்ச பேரும்மா, நான் வெக்கல. நான் மாத்தல, அவ்வளவுதான். துரோகின்னு பேரு வந்துட்டா ரோடு கேக்க வாய் வராது. இல்லேன்னு நிரூபிக்கறதுக்காகவே ஒவ்வொரு தபாவும் மொத ஆளா வந்து குத்துவாங்க. இருவது வருசமா குத்தறாங்களே!"

கூட வந்திருந்த குப்புராஜ் முன்னால் வந்து, "அய்யா, அந்தக் கணக்கு மலர்ல பதினாலாம் பக்கத்துல வருதுங்க, எடுத்துறச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"எதுக்கு? அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டு எழுதியிருக்குது, இருக்கட்டும். மலர்ல போட்டோ தவர எவன்யா படிக்கறான்?" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஜீப் போன பிறகு அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "பக்கத்த எடுக்கச் சொல்லித்தாங்கப்பா எழுதியிருக்கறேன். பஸ் வந்துரும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "சந்தையில வெச்சு எத்தினி பேர மீனா மீனான்னு கேட்டிருப்பேன்" என்றார். பிறகு, "அச்சுல வரட்டும். நம்ம சைபரும் வரட்டும், அவங்க கணக்கும் வரட்டும்" என்றார். "பொன்னாடைங்கப்பா?" என்றேன். "இந்த வெயிலுல அதப் போத்திக்கிட்டு எவன் நிப்பான்?" என்றார்.

ஆகவே மாமா, பதினான்காம் பக்கம் அப்படியே இருக்கட்டும், நாற்பத்தொன்றாம் வரியையும் நாற்பத்திரண்டாம் வரியையும் மட்டும் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய எழுத்தில் மறுபடி கோர்த்துவிடுங்கள். அய்யாவே சம்மதித்துவிட்டார் என்று முதலாளியிடம் சொல்லுங்கள், அது பொய் இல்லை. மலர் போக அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக நூறு தாள் அடித்து வையுங்கள், நாளை மதிய பஸ்ஸில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பாறைக்கொட்டாயில் நூறு வீடு இருக்கிறது. பஸ் ஆரன் கேட்கிறது, மாமா. வாங்கி வந்ததும் எங்கள் ஊரில் பஸ் ஏற வருகிற யாரிடமாவது அந்தத் தாள்களைப் பாறைக்கொட்டாய்க்குக் கொடுத்தனுப்பலாமா என்று அப்பாவைக் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

"நானே எடுத்துட்டுப் போயி வூடு வூடா குடுக்கறேன். நடந்துதான் போவணும், ரோடு இல்லியே" என்கிறார்.